எதுக்கு எதிர்ப்பு?

போன முறை சுண்டலைப் பற்றி இரண்டு வரி கிண்டலாக எழுதப்போக, கொண்டைக்கடலை போட்டவர்கள், போடப்போகிறவர்கள், தின்பதோடு நிறுத்திக்கொண்டவர்கள் எல்லாரும் பேனாவை எடுத்துவிட்டார்கள். கடிதங்களில் முக்கால்வாசி ஒரே புலம்பல்: வாடல். ஆகவே இந்த வாரம் சினிமாவுக்கும் அரசியலுக்கும் லீவு.

கே: நேற்று சாயந்திரம் வரை பச்சைப்பசேலென்று நின்ற கடலைச் செடி, விடிந்து பார்த்தால் தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது. தண்ணீர் கட்டலாமா? (விவசாயி, குடிமங்கலம்)

ப: பொறுங்கள். என் மாமா இதைத்தான் செய்தார். பெதப்பம்பட்டிப் பக்கம் கரிசல் காடு அவருக்கு. ஐப்பசி மழை ஈரத்தில் விதைத்துவிட்டால் மார்கழிப் பனியைக் குடித்தே வளர்ந்துவிடுகிற பயிர். நடுக்காட்டில் பத்துப் பதினைந்து செடி துவண்டதும் மனசு கேட்காமல் டேங்கர் தண்ணீர் வாங்கி ஊற்றினார். துவண்டது நிமிரவில்லை. தண்ணீர் ஓடிய வழியில் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

நான் போனபோது ஒரு செடியை வேரோடு பிடுங்கிப் பார்த்தேன். வேரில் அழுகல் கிடையாது. வெளியே பூஞ்சை பூத்த தடமும் இல்லை. "வேர் நல்லாத்தானுங்க மாப்ள இருக்குது?" என்றார் மாமா. சவர பிளேடை எடுத்துத் தண்டின் அடியிலிருந்து நீளவாக்கில் கீறினேன். பென்சிலுக்குள் கரி இருக்குமே, அதுபோல நட்டநடுவில் கரும்பழுப்பாக ஒரு கோடு வேரிலிருந்து மேலே ஏறிப் போயிருந்தது. பக்கத்தில் நின்ற நல்ல செடியையும் ஒன்று பலி கொடுத்தோம். அதே இடம் வெளுப்பாக, ஈரமாக இருந்தது.

அந்தக் கோடுதான் ஃபுசேரியம் ஆக்ஸிஸ்போரம் என்ற பூஞ்சையின் கைவரிசை. மண்ணிலிருந்து வேர் வழியாக நுழைந்து, தண்ணீர் ஏறுகிற சாற்றுக்குழாய்க்குள் குடியேறிவிடும். செடியும் பதறிப்போய்ப் பிசின் சுரந்து அதை மறிக்கப் பார்க்கும். திருடன் ஒரு பக்கம், வீட்டுக்காரன் ஒரு பக்கம், இரண்டு பேருமாகச் சேர்ந்து குழாயை அடைத்துவிடுவார்கள். செடிக்குத் தாகம் என்பது உண்மைதான். ஆனால் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்து குழாய் அடைத்திருந்தால் தொட்டியில் இன்னும் ஊற்றி என்ன பயன்?

கே: பக்கத்துத் தோட்டத்தில் ரஸ்தாளி வாழை வாடலில் போகிறது. என் கடலைக்கும் அதிலிருந்துதான் ஒட்டியதோ? (கோமங்கலம் வாசகர்)

ப: பக்கத்துத் தோட்டக்காரரோடு சண்டைக்குக் கிளம்புமுன் கேளுங்கள். இரண்டும் ஃபுசேரியம் ஆக்ஸிஸ்போரம்தான். ஆனால் அந்தக் குடும்பம் ஆளுக்கொரு வீடு பார்த்துத் தனித்தனியாகப் போய்விட்டது. வாழைக்காரன் கடலையைத் தொடமாட்டான், கடலைக்காரன் வாழையைத் தொடமாட்டான். வேறு காரணம் இருந்தால் சண்டை போட்டுக்கொள்ளுங்கள்.

கே: வியாழக்கிழமை தவறாமல் குரு பகவானுக்குக் கொண்டைக்கடலை மாலை சாத்துகிறேன். என் கடலைக் காடே வாடலாமா? (உடுமலை வாசகி)

ப: மாலை கட்டிய கடலை எந்தக் கடையில் வாங்கியது, விதைத்த கடலை எந்தக் கடையில் வாங்கியது என்று இரண்டையும் எழுதியிருக்கலாம். குருவை இதில் இழுக்காதீர்கள்.

கே: 'வாடல் நோய் எதிர்ப்பு ரகம்' என்று சொல்லித்தான் விதை விற்றார்கள். வாடிவிட்டது. ஏமாற்றா? (பெயர் வேண்டாம் என்கிற தாராபுரம்காரர்)

ப: ஏமாற்றாகவும் இருக்கலாம். ஆனால் வாங்கும்போது நீங்கள் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்: "எதுக்கு எதிர்ப்பு?"

பட்டான்செருவில் இருக்கும் இக்ரிசாட் ஆய்வு நிலையத்தில் ஹவாரே, நேனே என்ற இருவர், 1982இல் இந்தியாவின் வாடல் பூஞ்சையை நான்கு இனமாகப் பிரித்தார்கள். முறை எளிமையானது. ஒரு வரிசைக் கடலை ரகங்களை எடுத்துக்கொண்டு, ஊர் ஊராகக் கொண்டுவந்த பூஞ்சையை அவற்றின் மேல் ஏவிவிட்டு, யார் செத்தார், யார் பிழைத்தார் என்று கணக்கெடுப்பது. ஹைதராபாத்துப் பூஞ்சைக்குப் பிழைத்த ரகம் கான்பூர்ப் பூஞ்சைக்குச் செத்தது. குருதாஸ்பூர், ஹிசார் பூஞ்சைகளின் கணக்கு அதிலிருந்தும் மாறியது. 1, 2, 3, 4 என்று எண் கொடுத்தார்கள். ஸ்பெயின், கலிபோர்னியா பக்கம் போனால் 0, 5, 6 என்று வேறு பங்காளிகள். அதில் 0 கொஞ்சம் சாது: செடியைப் பொசுக்கென்று வாட்டாது, மெல்ல மஞ்சளாக்கும்.

ஆகவே 'எதிர்ப்பு ரகம்' என்ற மொட்டைச் சொல்லுக்குப் பொருளே கிடையாது. முதல் இனத்துக்கு எதிர்ப்புள்ள விதை நான்காம் இனத்திடம் மண்டியிடலாம். 'எல்லா நோய்க்கும்' என்று சொன்னால் கடையை விட்டு இறங்கிவிடுங்கள். அப்படி ஒரு விதை இன்னும் பிறக்கவில்லை.

கே: எதிர்ப்புச் சக்தி ஒடுங்கு பண்பு என்று வகுப்பில் சொன்னார்கள். நல்ல குணம் ஏன் ஒடுங்கிக் கிடக்கிறது? (தாவரவியல் மாணவி, மதுரை)

ப: நல்ல கேள்வி. ஒடுங்கு என்றால் சோப்ளாங்கி என்று அர்த்தமில்லை. அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் இரண்டு பிரதியும் அதே மாதிரி வந்தால்தான் வெளியே தெரியும், அவ்வளவுதான். பார்லிப் பயிரில் ஒரு மரபணு பழுதானால் சாம்பல் நோய் அண்டுவதில்லை. திருடன் ஏறி வர வசதியாக நாமே வைத்திருந்த ஏணியை உடைத்துப்போட்ட மாதிரி. ஒரு பிரதி மட்டும் உடைந்தால் இன்னொரு ஏணி இருக்கிறது. இரண்டும் உடையவேண்டும்.

கடலைக் கதை இன்னும் சுவாரசியம். முதல் இனத்தை எதிர்க்கும் விவகாரத்தில் மூன்று மரபணுக்கள் சம்பந்தப்பட்டிருப்பது 1980களில் தெரியவந்தது. இரண்டு ஒடுங்கு, ஒன்று ஓங்கு. மூன்றில் எதுவும் இல்லாத ஜேஜி 62 என்கிற ரகம் விதைத்த மாதத்துக்குள்ளேயே படுத்துவிடும். மூன்றில் ஒன்றே ஒன்று இருந்தால் செடி சாகும், ஆனால் தாமதமாகச் சாகும். எந்த இரண்டு சேர்ந்தாலும் பிழைத்துக்கொள்ளும்.

இதில்தான் வேடிக்கை. கே 850 என்று ஒரு ரகம், சி 104 என்று ஒரு ரகம். இரண்டுமே தாமதமாக வாடுகிற கேஸ். இரண்டையும் கலந்தார்கள். மகன் தலைமுறை தாண்டி, பேரன் தலைமுறையில் பார்த்தால் சில செடிகள் வாடவே இல்லை! வாடுகிற தாத்தா, வாடுகிற பாட்டி, வாடாத பேரன். எப்படி? இருவரிடமும் இருந்தது வேறு வேறு பாதிச் சாவி. பேரனிடம் இரண்டு பாதியும் வந்து சேர்ந்தன. எதிர்ப்புள்ள ரகத்தை எங்கோ காட்டில் தேடிப் போகவேண்டிய அவசியம்கூட சில சமயம் இல்லை. தோற்றுப்போன இரண்டு பேருக்குள்ளேயே அது பிய்ந்து கிடக்கலாம். தேர்வில் பயன்படுத்திக்கொள்ளுங்கள், மார்க் வந்தால் எழுதுங்கள்.

கே: எப்படியும் வாடப்போகிறது. தாமதமாக வாடினால் என்ன, சீக்கிரம் வாடினால் என்ன? (விரக்தியடைந்த வாசகர், தர்மபுரி)

ப: சம்பளத் தேதிக்கு முந்தின நாள் வேலையை விட்டு நிற்பதும், சம்பளம் வாங்கிக்கொண்டு நிற்பதும் ஒன்றா? இளம்பயிரில் வாடினால் விளைச்சலில் 77 முதல் 94 சதவீதம் வரை போய்விடும். காய் பிடித்த பிறகு வாடினால் 24 முதல் 65 வரை. இரண்டாவது கணக்கும் வயிற்றெரிச்சல்தான். ஆனால் விதைக் காசாவது தேறும். தாமதமும் ஒருவகை எதிர்ப்பே.

கே: ஜேஜி 62தான் முதலில் சாகிறதே, அதை ஏன் இன்னும் ஆராய்ச்சி நிலையங்களில் விதைக்கிறார்கள்? (சேலம் வாசகர்)

ப: சாவதற்காகத்தான்.

விளையாட்டில்லை. புது ரகங்களைச் சோதிக்க 'நோய் வயல்' என்று ஒன்றை வேண்டுமென்றே உருவாக்குவார்கள். செத்த செடிகளைச் சேகரித்து அதே மண்ணில் போட்டு உழுது, வருஷா வருஷம் கடலையே விதைத்து, பூஞ்சைக்கு விருந்து வைத்து வளர்க்கிற நிலம். நமக்கு வந்தால் தலையில் அடித்துக்கொள்வோம். அவர்களோ பூஞ்சை ஒரு மூலையில் குறைந்தால் கவலைப்படுவார்கள். சோதனை ரகங்கள் நிற்கிற வரிசைகளுக்கு நடுவே சில வரிசைக்கு ஒன்றாக ஜேஜி 62ஐ விதைப்பார்கள். அது முழுசாகச் செத்திருந்தால்தான் பக்கத்து வரிசை பிழைத்ததற்கு மரியாதை. அது பிழைத்துவிட்டால் அந்த இடத்தில் பூஞ்சையே இல்லை, பரீட்சையே செல்லாது. ஒரே காம்பில் இரட்டைக் காய் காய்க்கிற ரகம் அது, பாவம். அந்தப் பெருமையை மறந்து, சாகத் தெரிந்ததற்காகவே உலகம் அதை வைத்துக்கொண்டிருக்கிறது.

எதிர்முனையில் டபிள்யூஆர் 315 என்று ஒன்று. இந்திய இனங்கள் பலவும் வந்து தட்டியும் கதவு திறக்காத ஆசாமி. கடலையில் எதிர்ப்பு வேண்டுமென்றால் எல்லாரும் பெண் கேட்டுப் போகிற வீடு.

கே: அப்படியானால் டபிள்யூஆர் 315ஐயே விதைத்துவிட்டுப் போகலாமே? (பொள்ளாச்சி வாசகர்)

ப: நோய் வராத மாப்பிள்ளை என்பதற்காக மட்டும் பெண் கொடுப்பீர்களா? விளைச்சல், பருமன், நிறம், எத்தனை நாள் பயிர் என்று சந்தை கேட்கிற சங்கதி நிறைய இருக்கிறது. அந்த மாப்பிள்ளையின் ஒரு குணத்தை மட்டும் உருவிக்கொண்டு மற்றதையெல்லாம் திருப்பி அனுப்பவேண்டும்.

அதற்குத்தான் பின்கலப்பு. கர்நாடகத்தில் தார்வாட் பக்கத்து ஊர் அண்ணிகேரி. அந்த ஊர்ப் பெயரில் அண்ணிகேரி 1 என்ற பழைய, பேர்பெற்ற கடலை. அதை டபிள்யூஆர் 315உடன் கலந்தால் பிள்ளை பாதிக்குப் பாதி. அந்தப் பிள்ளையை மறுபடி அண்ணிகேரியோடு கலந்தால் முக்கால்வாசி அண்ணிகேரி. இன்னொரு முறை, 87.5 சதவீதம். இன்னும் ஒரு முறை, 94ஐ நெருங்கும். மனிதர்களிடம் நடந்தால் ஊரே விலக்கிவைக்கும். பயிரில் இதற்குப் பெயர் முன்னேற்றம். ஒவ்வொரு தலைமுறையிலும் எதிர்ப்பு மரபணு கூடவே வருகிறதா என்று பார்க்கவேண்டுமே? ஒடுங்கு பண்பு என்றால் கண்ணுக்கும் தெரியாது. அதனால் இளஞ்செடியின் ஒரு துணுக்கு இலையைக் கிள்ளி, டிஎன்ஏவில் அந்த மரபணுவுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிற ஒரு அடையாளத்தைத் தேடுவார்கள். இதற்கு மார்க்கர் என்று பெயர். பக்கத்து வீட்டுக்காரர் வந்திருந்தால் இவரும் வந்திருப்பார் என்ற நம்பிக்கை. ராய்ச்சூர் வேளாண் பல்கலைக்கழகமும் இக்ரிசாட்டும் சேர்ந்து இப்படி உருவாக்கிய 'சூப்பர் அண்ணிகேரி 1' 2019இல் வந்தது. பெயர் வைத்தவருக்கு ரஜினி படம் பிடிக்கும்போல.

கே: இதெல்லாம் மரபணு மாற்றுப் பயிர்தானே? நேராகச் சொல்லுங்கள். (இயற்கை விவசாயி, ஈரோடு)

ப: நேராகவே சொல்கிறேன், இல்லை. கடலையிலிருந்து கடலைக்கு, பூவிலிருந்து பூவுக்குப் போன மரபணு. ஆய்வுக்கூடத்தில் நடந்தது அடையாளம் பார்க்கிற வேலை மட்டும்.

பூவுக்குப் பூ என்பதையும் லேசாக நினைக்காதீர்கள். கடலைப் பூ விரியுமுன்பே தன் மகரந்தத்தைத் தானே தூவிக்கொண்டு கல்யாணத்தை உள்ளேயே முடித்துவிடும். அதற்கு முந்திக்கொண்டு, சின்னஞ்சிறு மொட்டை நகத்தால் பிடித்து, இதழை ஊசியால் விலக்கி, உள்ளே இருக்கிற 10 மகரந்தத் தாள்களையும் சூல்முடியில் கீறல் படாமல் இடுக்கியால் பிடுங்கவேண்டும். பிறகு வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தொட்டு வைத்து, காம்பில் நூல் கட்டி அடையாளம் போடவேண்டும். பல மொட்டு அப்படியே உதிர்ந்துவிடும். பிழைத்த காய்க்குள் ஒரு விதை, மிஞ்சினால் இரண்டு. பனிக்காலக் காலை வெயிலில் குனிந்து உட்கார்ந்து இதைச் செய்கிறவர்களின் முதுகுவலிக்கு எந்த ரகத்திலும் எதிர்ப்பு கிடையாது.

தன் மகரந்தத்தில் தானே காய்ப்பதால் உங்களுக்கு ஒரு லாபம் உண்டு. நல்ல ரகம் ஒருமுறை கையில் கிடைத்தால், கலப்பில்லாமல் எடுத்துவைத்து நீங்களே திரும்ப விதைக்கலாம். வருஷா வருஷம் கடைக்குப் போகவேண்டியதில்லை. கடைக்காரர் இதை உங்களிடம் சொல்லமாட்டார்.

கே: கடலையின் ஜீனோமையே படித்துவிட்டார்கள் என்று பெருமைப்பட்டார்களே. இன்னும் ஏன் வாடுகிறது? (நாகர்கோவில் வாசகர்)

ப: டெலிபோன் டைரக்டரி கையில் இருந்தால் ஊரில் திருட்டு நின்றுவிடுமா? 2013இல் வெளியானது அந்த வரிசை. சுமார் 73 கோடியே 80 லட்சம் எழுத்துகள், 28,269 மரபணுக்கள், எட்டு ஜோடிக் குரோமோசோம்களில் அடங்கியவை. அவர்கள் எடுத்துக்கொண்டது கனடா நாட்டு வெள்ளைக் கொண்டைக்கடலை. 2021இல் இன்னொரு படி மேலே போய் 3,366 கடலைகளின் மரபணுத் தொகுப்பைப் படித்தார்கள். அதில் 195 காட்டுக் கடலைகள். வாடல் எதிர்ப்பு மரபணுக்கள் பலவும் இரண்டாம் இணைப்புத் தொகுதியில், அதாவது ஒரே குரோமோசோமில், நெருக்கியடித்துக் குடியிருக்கின்றன என்பது அதற்கு முன்பே தெரியும். தெரு தெரியும், சந்து தெரியும். மார்க்கர் வேலைக்கு அதுவே போதும்.

கே: தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்த வாடல் ஆராய்ச்சியில் பங்கு உண்டா, சுண்டல் தின்றதோடு சரியா? (மயிலாப்பூர் வாசகர்)

ப: உண்டு. ஆனால் கடலையில் அல்ல, பருத்தியில். டி.எஸ். சதாசிவன் தலைமையில் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடம் 1950களில் பருத்தி வாடலைத் துருவியது. ஃபுசேரியம் வெறுமனே குழாயை அடைக்கிறதா, விஷமும் வைக்கிறதா என்பது அன்றைய பெரிய சண்டை. கண்ணாடிக் குடுவையில் பூஞ்சை ஃபுசாரிக் அமிலம் என்கிற விஷத்தைச் சுரப்பது தெரியும். குடுவையில் செய்வதை வயலிலும் செய்யும் என்று என்ன உத்தரவாதம்? நோய்ப்பட்ட செடிக்குள்ளேயே அந்த அமிலம் இருப்பதைக் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து காட்டியது இந்தக் கோஷ்டி. மெரினா சுண்டல் விற்பனைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கே: வாடல் வந்த காட்டை மூன்று வருஷம் சும்மா போட்டால் பூஞ்சை பட்டினியில் செத்துவிடாதா? (பல்லடம் வாசகர்)

ப: ஆறு வருஷத்துக்குப் பட்டினி கிடக்கும். தடித்த ஓடு போட்ட வித்துகளாக மாறி மண்ணில் படுத்துக்கொள்ளும். கடலை வேர் பக்கத்தில் வந்தால் எழுந்து உட்காரும். மாற்றுப் பயிராகத் துவரையோ பட்டாணியோ மைசூர்ப் பருப்போ போட்டால் அவற்றின் வேரிலும் வாடகைக்கு இருக்கும். அந்தச் செடி வாடாது, அதனால் உங்களுக்குத் தெரியவும் தெரியாது. சோளம் மாதிரி வேறு குடும்பத்துப் பயிர் பரவாயில்லை. விதையின் தோலில் ஒட்டிக்கொண்டு ஊர்விட்டு ஊரும் போகும். அதனால்தான் வாடல் வந்த காட்டிலிருந்து விதை எடுக்காதே என்பது. ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சையைக் கலந்து விதைநேர்த்தி செய்தால் இளம்பயிருக்குக் கொஞ்ச நாள் காவல். அது வாட்ச்மேன்தான், ராணுவம் அல்ல.

கே: சரியான ரகம், சரியான விதை, விதைநேர்த்தி எல்லாம் செய்தும் கடைசியில் காய்ந்துவிட்டது. மரபணுவையும் நம்பக்கூடாதா? (உடுமலை, மூன்று பக்கக் கடிதம்)

ப: மூன்று பக்கத்தில் ஒரு வரிதான் முக்கியம்: "பிடுங்கினால் வேர் மண்ணிலேயே முறிந்துவிடுகிறது." அப்படியானால் இது வாடலே இல்லை. பக்கவேர் உதிர்ந்து, ஆணிவேர் காய்ந்த சுள்ளி மாதிரி ஒடிந்தால் அது வேரழுகல். ரைசோக்டோனியா என்கிற வேறு பூஞ்சை. பூக்கிற காலத்தில் வெயில் 30 டிகிரியைத் தாண்டி, மண் ஈரமும் வற்றினால் அதற்குத் திருவிழா. செடி துவண்டு தொங்காது, வைக்கோல் நிறத்தில் நின்றபடியே காயும்.

நம் ஊரில் எது காய்ந்தாலும் வாடல்தான். விஞ்ஞானிகளும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தார்கள். பட்லர் என்ற விஞ்ஞானி 1918லேயே இந்தியாவில் கடலை வாடலைப் பதிவு செய்துவிட்டார். அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் வேரழுகல், கழுத்தழுகல், வைரஸ் குட்டை நோய் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி 'வாடல்' என்று சீட்டு ஒட்டிவைத்திருந்தார்கள். 1970களில் நேனேயும் கூட்டாளிகளும் மூட்டையைப் பிரித்து இது வேறு, அது வேறு என்று எடுத்துவைத்த பிறகுதான் எதிர்ப்பு ரகத் தேர்வே உருப்பட்டது. இந்த நேனேதான் பிற்காலத்தில் சுரபாலரின் விருட்சாயுர்வேதம் என்ற பழைய தாவர மருத்துவ நூலைத் தேடிப் பதிப்பித்தவர். நோய்க்குச் சரியான பெயர் வைக்கவேண்டும் என்ற பிடிவாதம் அவருக்கு வாழ்நாள் முழுக்க இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் ரகம் வாக்குத் தவறவில்லை. வாடலுக்குப் பூட்டுப் போட்டது, வேரழுகலுக்கு அது பேசவே இல்லை. மாமாவுக்கும் அடுத்த வருஷம் இதுதான் நடந்தது. ரகத்தை மாற்றி, தையில் விதைத்து, மாசி வெயிலில் விட்டார். போனில் "இதுவும் அதே சனியன்தானுங்களா?" என்றார். பிடுங்கிப் பாருங்கள் என்றேன். "ஒடிஞ்சு போச்சுங்க" என்றார். வேறு சனியன்.

கே: வாடல் எதிர்ப்பு ரகத்தால் நிஜமாகவே யாராவது பிழைத்திருக்கிறார்களா? (சந்தேகப் பிராணி, திருப்பூர்)

ப: ஆந்திராவுக்கு ஒரு நடை போய்வாருங்கள். 1999இல் ஜேஜி 11 வெளிவந்தது. 90, 95 நாளில் முடிகிறது, வாடலைத் தாங்குகிறது. பிரகாசம், கர்நூல் மாவட்டக் கரிசலில் புகையிலை, பருத்தி போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் கடலைக்கு மாறினார்கள். பத்து வருஷத்துக்குள் அந்த மாநிலத்தில் கடலைப் பரப்பு பல மடங்கானது. கடலை என்றால் வடக்கத்திப் பனியில்தான் விளையும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். உங்கள் வீட்டுப் பஜ்ஜி மாவில்கூட ஜேஜி 11 இருக்கலாம்.

கே: பூஞ்சையும் மாறிக்கொண்டே இருக்குமே, இன்றைய எதிர்ப்பு நாளைக்கு நிற்குமா? (திண்டுக்கல் வாசகர்)

ப: காற்றில் பறக்கிற நோய்களைவிட இது மந்தம். மண்ணில், தண்ணீரில், விதையில், கலப்பையில் ஒட்டித்தான் நகரும். இந்தப் பூஞ்சைக்கு ஆண், பெண் கலப்பு நடந்ததாக இதுவரை யாரும் பார்த்ததில்லை. அதனால் சீட்டைக் குலுக்கிப் போடுகிற வேகமும் குறைவு. ஆனாலும் ஒரே ரகத்தை லட்சக்கணக்கான ஏக்கரில் விதைத்தால், அதைத் திறக்கிற ஒரே ஒரு கள்ளச்சாவி பிறந்தால்கூடப் போதும். ஊரில் இரண்டு மூன்று ரகமாகப் பிரித்து விதையுங்கள்.

கே: வாடின செடியில் பறித்த கடலையைச் சாப்பிட்டால் நமக்கும் ஏதாவது வருமா? (இல்லத்தரசி, காங்கயம்)

ப: கோபம் வரும். சிறுத்து, மங்கலாக, எடை குறைந்து இருக்கும். எத்தனை விசில் விட்டாலும் சுண்டலில் அழகு வராது.

கே: எந்த மண்ணிலும், எந்தப் பூஞ்சைக்கும், எந்தக் காலத்திலும் வாடவே வாடாத கடலை என்று ஒன்று உண்டா? ஒரு வார்த்தையில் பதில் வேண்டும். (அவசரக்காரர், கோவை)

ப: பொட்டுக்கடலை.